சொந்த நகையை இரவல் வாங்கியவர்கள்: லண்டன் அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: அறங்காவலர்கள், பிரிட்டிஷ் மியூசியம் மற்றும் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம், லண்டன்.

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதுவதற்காக மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. உங்கள் இரு இடங்களிலும் தமிழ்நாட்டுப் பொருள்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிக் குறிப்பு எழுதத் தமிழ் தெரிந்த யாரையாவது கூப்பிட்டிருப்பீர்கள், அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். உங்களைத் தமிழில் என்ன சொல்லி அழைப்பது என்று யோசித்தபோது கிடைத்த சொல்தான் அறங்காவலர். எங்கள் பக்கத்தில் கோயில் சொத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு அந்தப் பெயர். சொத்துக் காவலர் என்று வைக்காமல் அறத்துக்குக் காவலர் என்று யாரோ வைத்துவிட்டார்கள். பெயருக்குத் தகுந்தபடிதான் எல்லாரும் நடக்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. எங்கள் ஊரிலும் அப்படித்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஜனவரியில் நீங்கள் இரு தரப்பும் சேர்ந்து ஓர் அறிவிப்பு வெளியிட்டீர்கள். கானா நாட்டில், குமாசி நகரத்து அசாந்தே அரசவையோடு தொடர்புடைய 32 பொருள்களை மன்ஹியா அரண்மனை அருங்காட்சியகத்துக்கு அனுப்புவதாகச் சொன்னீர்கள். விக்டோரியா ஆல்பர்ட்டிலிருந்து 17, பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்து 15. அரசரின் வாள், நெஞ்சில் அணியும் தங்க வட்டுகள், தங்கத்தில் செய்த புகைக்குழாய் எல்லாம் அதில் உண்டு. மூன்று ஆண்டுக்கு. வேண்டுமானால் இன்னும் ஒரு மூன்று ஆண்டு. இரவலாக.

அந்தச் சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, அம்மா ஒரு கல்யாணத்துக்குப் பக்கத்து வீட்டு அத்தையிடம் காசுமாலை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள். அன்று சாயங்காலம் முழுக்க ஒரு கை கழுத்திலேயே இருந்தது. பந்தியில் உட்கார்ந்தும் சரியாகச் சாப்பிடவில்லை. யாரோ "புதுசா?" என்று கேட்டபோது அவள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் மாலையைக் கழற்றித் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினாள். இரவல் நகை போட்டவளுக்குத்தான் அதன் கனம் தெரியும். ஆனாலும் அம்மா போட்டது அடுத்த வீட்டு நகை. அசாந்தே அரசர் இரண்டாம் ஒசெய் டூட்டு உங்களிடம் இரவல் வாங்கியிருப்பது தன் பாட்டன் வீட்டு நகை.

அப்பா நகை அடகுக் கடையில் கணக்குப் பிள்ளையாக இருந்தவர். அதனால் தங்கம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பளபளப்பு இல்லை, பேரேடுதான். பெயர், ஊர், பொருள், எடை, கல் எடை கழித்தது, கொடுத்த தொகை, தேதி. கெடுவுக்குள் வட்டியும் அசலும் கட்டாவிட்டால் நகை 'மூழ்கிப் போகும்'. அப்புறம் ஏலம். அந்த வார்த்தையை அப்பா மெதுவாகத்தான் சொல்வார். மூழ்கிய நகைக்கும் நோட்டீஸ் அனுப்பிய விவரம் ஏட்டில் இருந்தாக வேண்டும். நீங்கள் கட்டிக் காக்கும் அசாந்தே நகைகளின் கதையைப் படித்தபோது, இந்தப் பேரேட்டில் இதை எந்தப் பத்தியில் எழுதுவது என்றுதான் யோசித்தேன்.

அசாந்தே மக்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் என்னோடு சேர்ந்து படிக்கிற தமிழர்களுக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் பழைய தட்டான்கள் தங்கத்தைக் குன்றிமணி வைத்து நிறுத்தார்கள். சிவப்பு உடம்பில் கறுப்புப் பொட்டு வைத்த விதை. இன்றைக்கும் இல்லாதப்பட்டவர்கள் "ஒரு குந்துமணித் தங்கம்கூடக் கிடையாது" என்றுதான் சொல்வார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் அகான் மக்களும், அசாந்தேக்கள் அவர்களில் ஒரு பிரிவு, பொன்தூள் நிறுக்க அதே சிவப்பும் கறுப்புமான விதையைத்தான் வைத்திருந்தார்கள். அந்தக் கரைக்கு வந்த ஐரோப்பிய வணிகர்கள் அதை 'டம்பா' என்று எழுதிவைத்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத இரண்டு ஊர்த் தட்டான்கள், ஒரே கொடியின் விதையைத் தராசில் போட்டிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்ச நேரம் வேறு வேலை ஓடவில்லை.

விதைக்கு மேற்பட்ட எடைகளுக்கு அவர்கள் பித்தளையில் எடைக்கற்கள் வார்த்தார்கள். எங்கள் சுவாமிமலை ஸ்தபதிகள் செய்வது போலவே, மெழுகில் உருச் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிற வார்ப்பு. முதலில் கோடும் கட்டமுமாக இருந்தவை பிறகு மீன், பறவை, தேள், முரசு, மனிதர் என்று உருவம் பெற்றன. பலவற்றுக்குப் பின்னால் ஒரு பழமொழி இருக்கும். இரண்டு முதலைகள், இரண்டு தலை, ஆனால் வயிறு ஒன்று: எந்த வாய் தின்றாலும் போய்ச் சேருவது ஒரே இடம், ஆனாலும் தொண்டைக்காகச் சண்டை போடுகின்றன. தங்கம் நிறுக்கிற கல்லிலேயே இதை வார்த்து வைத்த ஆட்கள் பேராசையைப் பற்றி ஓரளவு யோசித்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். சந்தையில் பொன்தூள்தான் காசு. வாங்குபவரும் விற்பவரும் தத்தம் தராசையும் எடைக்கற்களையும் கொண்டு வந்து தனித்தனியே நிறுத்துப் பார்ப்பார்கள். அப்பாவுக்கு இது மிகவும் பிடித்திருக்கும்.

அரண்மனைத் தங்கம் இதிலிருந்து வேறு. அரசரின் ஆன்மாவைத் தூய்மை செய்யும் சடங்குக்கு என்றே ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் நெஞ்சில் தொங்கவிடும் தங்க வட்டுதான் நீங்கள் 'ஆன்மா கழுவுபவரின் பதக்கம்' என்று அட்டை எழுதிக் கண்ணாடிக்குள் வைத்திருப்பது. எல்லாவற்றுக்கும் மேலே தங்க இருக்கை, சிகா த்வா கோஃபி. வெள்ளிக்கிழமை பிறந்தவருக்குத்தான் கோஃபி என்று பெயர். இருக்கைக்கும் அதே பெயர், ஏனென்றால் அது பிறந்தது. பூசகர் அனோக்யே வானத்திலிருந்து அதை வரவழைக்க, அரசர் முதலாம் ஒசெய் டூட்டுவின் மடியில் வந்து இறங்கியது என்பது அவர்கள் மரபு. மக்கள் எல்லாருடைய உயிரும் அதில் இருக்கிறது. அரசர் உட்பட யாரும் அதில் உட்காருவதில்லை.

உங்கள் ஆட்களுக்கு அங்கே தங்கம் இருப்பது முன்பே தெரியும். 1663இல் இங்கிலாந்து அடித்த தங்க நாணயத்துக்கு 'கினி' என்று பெயர் வந்ததே, அந்தக் கினி கடற்கரையிலிருந்து தங்கம் வந்ததால்தான். 1817இல் தாமஸ் பௌடிச் தூதராகக் குமாசிக்குப் போனபோது, தங்கள் நாட்டின் வளத்துக்கு அடையாளமாகத் தங்கத்தில் வார்த்த ஒரு சின்ன யாழை அவருக்குக் கொடுத்தார்கள். (அதே 1817இல்தான் உங்கள் நவீன சாவரின் நாணயமும் வெளிவந்தது. அது எங்கள் வாயில் சவரனாகி, இன்றைக்கும் தமிழ்நாட்டுப் பெண் வீட்டார் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.)

இனி 1874. கடற்கரை ஆதிக்கத்துக்கான சண்டை முற்றி, உங்கள் தளபதி சர் கார்னெட் வுல்ஸ்லியின் படை பிப்ரவரி 4ஆம் தேதி குமாசிக்குள் நுழைந்தது. அரசர் கோஃபி கரிகரி ஏற்கெனவே ஊரை விட்டு வெளியேறியிருந்தார். அரண்மனைக்குள் போன பத்திரிகையாளர் வின்வுட் ரீட் தான் பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார். பல மொழிப் புத்தகங்கள், பொஹீமியக் கண்ணாடிச் சாமான், கடிகாரங்கள், பாரசீகக் கம்பளங்கள், ஓவியங்கள், பெட்டி பெட்டியாகப் பொருள்கள், விக்டோரியா ராணி அசாந்தே அரசருக்கு அனுப்பியதாகப் பொறித்த ஒரு வாள், 1843 அக்டோபர் 17 தேதியிட்ட ஒரு டைம்ஸ் பத்திரிகை. ஊர் ஊராகச் சேர்த்த அரிய பொருள்களை அறை அறையாக அடுக்கி வைத்த ஒரு கட்டடத்துக்கு உங்கள் மொழியில் என்ன பெயர்? ஒரே இரவில், கையில் கிடைத்த மதிப்புள்ளவற்றை அள்ளிக்கொண்டு, பிப்ரவரி 6ஆம் தேதி அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டு, ஊருக்கும் தீ வைத்துவிட்டுப் படை திரும்பியது.

அள்ளியவை கேப் கோஸ்ட் என்கிற கடற்கரை ஊரில் ஏலத்துக்கு வந்தன. பெரும்பகுதி லண்டன் நகை நிறுவனமான காரர்ட் கைக்குப் போனது. அங்கிருந்து அதே 1874இல் விக்டோரியா ஆல்பர்ட் 13 பொருள்களை வாங்கியது. "நாங்கள் பணம் கொடுத்து வாங்கினோம்" என்று நீங்கள் சொல்லலாம். அடகுக் கடைக்காரருக்கு இந்தப் பேச்சு பழக்கமானது. திருட்டு நகையைத் தெரிந்தே வாங்கிவிட்டு, வாங்கிய பில்லைக் காட்டினால் எங்கள் ஊர் ஏட்டையாகூட நம்பமாட்டார்.

இதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. போர் முடிவில் போட்ட ஃபொமெனா உடன்படிக்கைப்படி, போர்ச் செலவுக்காக அசாந்தே 50,000 அவுன்ஸ் தங்கம் தண்டம் கட்ட வேண்டும். தங்கம் நிறுக்கிற அவுன்ஸில் அது சுமார் 1,555 கிலோ. எங்கள் கணக்கில் 1,94,000 சவரனுக்கு மேல். வீடு புகுந்து அள்ளி, வீட்டையும் இடித்துவிட்டு, இடித்த கூலியையும் வீட்டுக்காரனிடமே கேட்ட கணக்கு. முதல் தவணையாக ஆயிரம் அவுன்ஸ் அளவுக்குக் கட்டினார்கள். பாக்கி பாக்கியாகவே நின்றது. 22 ஆண்டுகள் கழித்து, 1896இல், அந்தப் பழைய பாக்கியைக் காரணம் காட்டி அரசர் பிரெம்பேயை, அவருடைய தாயோடு சேர்த்துக் கைது செய்தார்கள். நாடு கடத்தியது முதலில் சியரா லியோனுக்கு, பிறகு சீஷெல்ஸ் தீவுகளுக்கு. 1924இல்தான் அவரை ஊருக்குத் திரும்ப விட்டார்கள்.

இடையில் 1900 மார்ச்சில் உங்கள் ஆளுநர் ஃபிரெடரிக் ஹாட்ஜ்சன் குமாசிக்கு வந்து, தங்க இருக்கை எங்கே, அதில் உட்கார வேண்டியவன் நான் என்கிற தொனியில் கேட்டார். யாரும் உட்காராத இருக்கை என்று முன்பே சொன்னேன். சிதம்பரத்தில் போய், நடராசர் இருக்கிற இடத்தைக் காலி செய்யுங்கள், நான் நிற்க வேண்டும் என்று ஒரு கலெக்டர் கேட்டால் எப்படி இருக்கும்? எஜிசு என்கிற அசாந்தே ஊரின் அரச அன்னை யா அசாந்தேவா தலைமையில் போர் மூண்டது. குமாசிக் கோட்டையை முற்றுகையிட்டார்கள். கடைசியில் தோற்றார்கள், அந்த அம்மாளும் சீஷெல்ஸுக்கு அனுப்பப்பட்டு 1921இல் அங்கேயே இறந்தார். ஆனால் இருக்கை மட்டும் உங்கள் ஆட்களுக்குக் கிடைக்கவே இல்லை. மண்ணில் புதைத்து மறைத்துவிட்டார்கள். அது கிடைத்திருந்தால், இன்றைக்கு எந்தக் காட்சிப் பெட்டியில் இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அசாந்தே அரசு பால் வடியும் முகமாக இருந்ததில்லை. அண்டை மக்களை வென்று கப்பம் வாங்கியது. அடிமை வணிகத்திலும் அதற்குப் பங்கு உண்டு. அந்தத் தங்கம் முழுக்கச் சுத்தமான கையால் வந்தது என்று நான் வாதாடவில்லை. எங்கள் ராஜராஜன் பெரிய கோயிலுக்குக் கொடுத்த பொன்னிலும் சேரனையும் பாண்டியனையும் வென்று கொண்டுவந்தது உண்டு, கல்வெட்டிலேயே இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கை அசாந்தேயின் அண்டை வீட்டார் கேட்கட்டும். அதற்கு நீங்கள் நடுவர் இல்லை.

இப்போது உங்கள் பதிலுக்கு வருகிறேன். கொடுக்க எங்களுக்கும் ஆசைதான், சட்டம் கையைக் கட்டுகிறது என்பீர்கள். 1963இன் பிரிட்டிஷ் மியூசியம் சட்டமும், விக்டோரியா ஆல்பர்ட்டுக்கு 1983இன் தேசிய மரபுரிமைச் சட்டமும் தொகுப்பிலிருந்து பொருளை நிரந்தரமாக வெளியே தர விடுவதில்லை. உண்மைதான். ஆனால் அதே நாடாளுமன்றம் 2004இல் மனித எச்சங்களைத் திருப்பித் தர வழிவிட்டது. 2009இல், நாஜிகள் காலத்தில் பறிபோன பொருள்களை உரியவர்களுக்குத் திருப்பித் தரத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. கட்டு அவிழ்க்க முடியாதது இல்லை. யாருக்காக அவிழ்ப்பது என்பதில்தான் தயக்கம். அசாந்தே அரசர் இரண்டாம் ஒப்போக்கு வாரே 1974இல், சூறையாடி நூறு ஆண்டு நிறைந்தபோது, முறையாகக் கேட்டார். உங்கள் பிரபுக்கள் சபை பேசியது. பேசியதோடு சரி.

விக்டோரியா ஆல்பர்ட்டின் இயக்குநர் ட்ரிஸ்ட்ரம் ஹன்ட், இந்தப் பொருள்கள் தங்கள் நாட்டு முடியாபரணங்களுக்கு ஈடானவை என்று ஒளிவில்லாமல் சொன்னார். சரியான பேச்சு. அந்த உவமையை அவரே ஓர் அடி மேலே கொண்டுபோகட்டும். உங்கள் முடியாபரணங்களை மூன்று ஆண்டுக்கு, காப்பீட்டோடு, திரும்பக் கொண்டு வரும் நிபந்தனையோடு வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று உங்கள் அரசருக்கு இரவல் தந்தால், கையெழுத்துப் போடுவீர்களா?

கட்டாயம் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸில் ஃபௌலர் அருங்காட்சியகத்தில் ஏழு அசாந்தே பொருள்கள் இருந்தன. 1965இல் வெல்கம் அறக்கட்டளை கொடுத்தவை. 2024 பிப்ரவரியில், குமாசி வீழ்ந்து 150 ஆண்டு நிறைந்த வாரத்தில், அந்த ஏழு பொருள்களையும் கொண்டுபோய் மன்ஹியா அரண்மனையில் கொடுத்துவிட்டு வந்தார்கள். நிபந்தனை இல்லை, கெடு இல்லை. உங்கள் பெட்டிகள் சில வாரங்கள் கழித்து, இரவல் சீட்டோடு, அதே வீட்டுக்குப் போயின.

பத்திரம் பற்றிய வாதத்தை நீட்ட விரும்பவில்லை. சுமார் 2,000 பொருள்கள் காணாமல் போயோ சேதமாகியோ இருக்கின்றன என்று 2023இல் பிரிட்டிஷ் மியூசியமே ஒப்புக்கொண்ட பிறகு அதைப் பற்றி நான் என்ன சொல்ல.

தமிழ்க்காரிக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். தஞ்சைப் பக்கம் பத்தூரில் 1976இல் மண்ணுக்குள்ளிருந்து ஒரு நடராசர் கிடைத்தார். கைமாறிக் கைமாறி லண்டனுக்கு வந்து, ஒரு கனடா எண்ணெய் நிறுவனத்துக்கு விற்கப்பட்டார். 1982இல் லண்டன் போலீஸ் அவரைக் கைப்பற்றியபோது பராமரிப்புக்காக எங்கே இருந்தார் தெரியுமா? பிரிட்டிஷ் மியூசியத்தில். வழக்கு நடந்தது. இடிந்துகிடந்த பத்தூர்க் கோயில் தானே ஒரு வாதியாக நின்று தன் சாமியைக் கேட்கலாம் என்று உங்கள் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1991இல் நடராசர் ஊர் திரும்பினார். கூரையில்லாத ஒரு கற்கோயிலுக்கு உயிர் உண்டு, உரிமை உண்டு என்று தீர்ப்புச் சொன்ன நாடு உங்களுடையது. அரசர் இருக்கிறார், அரண்மனை இருக்கிறது, 1995 முதல் அருங்காட்சியகமும் திறந்திருக்கிறது. இவர்கள் கேட்டால் மட்டும் உங்களுக்குக் கேட்கவில்லை.

முதல் மூன்று ஆண்டு 2027இல் முடிகிறது. அதற்குள் இரண்டு காரியம் செய்யலாம். சட்டம் தடுக்கிறது என்று எங்களிடம் சொல்வதை நிறுத்திவிட்டு, சட்டத்தை மாற்றுங்கள் என்று உங்கள் நாடாளுமன்றத்திடம், எழுத்தில், அறங்காவலர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள். அந்தக் கடிதத்தை வெளியிடுங்கள். இரண்டாவது, அந்தச் சட்டம் வரும்வரை பெட்டியைத் திரும்ப எடுத்துவர ஆள் அனுப்பாதீர்கள். கெடு முடிந்தால் இன்னொரு கெடு, அது முடிந்தால் அடுத்தது. வட்டி தள்ளுபடி செய்கிற முதலாளிகள் எங்கள் ஊரிலேயே உண்டு.

நகையைத் திருப்பும்போது அப்பா பேரேட்டில் அந்த வரியின் குறுக்கே சிவப்பு மையில் 'தீர்ந்தது' என்று எழுதி, நகைக்குரியவரிடம் ஒரு கையெழுத்து வாங்குவார். சூறையில் வந்தவை எவை, தண்டமாக வந்தவை எவை என்பதெல்லாம் உங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது. அந்த வரிகளுக்குச் சிவப்பு மை எடுங்கள். பௌடிச்சுக்குக் கொடுத்த அந்தத் தங்க யாழை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளலாம். அது அவர்கள் மனசாரக் கொடுத்தது.

இப்படிக்கு,
ஓர் அடகுக் கடைக் கணக்குப் பிள்ளையின் மகள்